கிணற்றடியில் கேட்ட இரண்டு கேள்விகள்

ஐஜெம் போட்டிக்கு அணி சேர்ந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். நுண்ணுயிர்களின் மரபணுவை மாற்றிப் புது வேலை செய்ய வைக்கும் மாணவர் போட்டி இது; 2004-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐந்து அணிகளோடு தொடங்கியது. இப்போது இறுதிச் சுற்று பாரிஸில் நடக்கிறது. எங்கள் அணியில் பாதிப் பேர் பயோடெக், மீதிப் பேர் கம்ப்யூட்டரும் கெமிக்கலும்.

முதல் வேலை, பழைய அணிகள் செய்ததைப் படிப்பது. 2006-இல் எடின்பரோ மாணவர்கள் குடிநீரில் ஆர்செனிக் இருந்தால் காட்டிக்கொடுக்கும் பாக்டீரியாவை வடிவமைத்திருந்தார்கள். அதைப் படித்ததும் எங்களுக்கு ராணிப்பேட்டை நிலத்தடி நீரில் கலந்த குரோமியம்தான் நினைவுக்கு வந்தது. சரி, குரோமியம் பட்டால் சிவக்கும் இ.கோலை பாக்டீரியாவைச் செய்வோம் என்று முடிவானது.

லேபில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஆராய்ச்சி மாணவி அக்கா, குரோமியத்தை உணரும் ஜீன் பக்கமே எங்களைப் போக விடவில்லை. சிவப்புப் புரதம் தரும் ஒரு பிளாஸ்மிட்டை, அதாவது வளைய வடிவ டி.என்.ஏ.வை, கொடுத்து, "முதல்ல இதை பாக்டீரியா உள்ளே அனுப்பிக் காட்டுங்க" என்றார். ஐஸில் அரை மணி நேரம், 42 டிகிரியில் ஒரு நிமிடத்துக்கும் குறைவு, மறுபடி ஐஸ். மறுநாள் காலையில் பிளேட்டில் பாக்டீரியா வளர்ந்த வெளிறிய புள்ளிகள். நேரம் ஆக ஆக அவற்றில் சிவப்பு ஏறியது. பிளாஸ்மிட் சேர்க்காத பிளேட்டில் ஒரு புள்ளிகூட இல்லை. பிளாஸ்மிட் ஏறாத பாக்டீரியாவைப் பிளேட்டில் கலந்திருந்த ஆன்டிபயாடிக் வளர விடவில்லை. கண்ட்ரோல், அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் பிளேட், எதற்கு என்று கம்ப்யூட்டர் மாணவர்களுக்கும் அன்று பிடிபட்டது.

அப்புறம் ராணிப்பேட்டை போனோம். ஒரு விவசாயி தன் கிணற்றைக் காட்டினார். நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தண்ணி மஞ்சளா வந்தா எனக்கே தெரியும் தம்பி. தெளிவா இருக்கிற தண்ணியில இருக்கான்னு சொல்லுமா?" என்றார். குடிநீரில் குரோமியத்துக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அந்த அளவில் கண்ணுக்கு எந்த நிறமும் தெரியாது. அன்றைக்கே 0.05 எங்கள் இலக்கானது. எந்தப் பேராசிரியரும் கேட்காத, மிகச் சரியான கேள்வி அது.

அவர் மனைவி கேட்டது வேறு: "அந்தக் கிருமியை எங்க கிணத்துல விடுவீங்களா?" மாட்டோம். மரபணு மாற்றிய உயிரை லேபுக்கு வெளியே விட ஐஜெம் விதியும் அனுமதிக்காது. ஆனால் அவர் முகத்தில் இருந்த பயத்துக்கு விதியைச் சொன்னால் போதாது. அதனால் உயிருள்ள செல்லே இல்லாமல், செல்லை உடைத்து எடுத்த சாற்றைக் காகிதத்தில் உலர்த்திப் பயன்படுத்தும் முறைக்கு மாறுகிறோம்.

டி.என்.ஏ. ஆர்டர் போயிருக்கிறது. செல் இல்லாத முறையில் உலோக சென்சார் செய்து பார்த்தவர்கள் இருந்தால், கிணற்றுத் தண்ணீரின் உப்பு எவ்வளவு தொந்தரவு கொடுத்தது என்று சொல்லுங்கள்.