மகளின் இமைமுடியில் ஈர் மாதிரி ஒட்டியிருக்கிறது, என்ன செய்வது?

ஈசூன் அம்மா:
மகளுக்கு 5 வயது. இரண்டு வாரமாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிறாள். பக்கத்து மருந்தகத்தில் கண்நோய் என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள், அரிப்பு குறையவில்லை. நேற்று குளிப்பாட்டிவிட்டு வெளிச்சத்தில் பார்த்தால் இமைமுடியில் வெள்ளை வெள்ளையாக ஈர் மாதிரி ஒட்டியிருக்கிறது, துடைத்தாலும் வரவில்லை. தலையில் ஒன்றுமே இல்லை. மாமியார் வேப்பெண்ணெய் தடவச் சொல்கிறார். வீட்டில் பேன் ஷாம்பூ இருக்கிறது, அதைத் தொட்டு வைக்கலாமா?

செங்காங் அப்பா:
வேண்டாம், இரண்டையுமே கண்பக்கம் கொண்டுபோகாதீர்கள். என் மகனுக்கும் இதே கதைதான், பொடுகு என்றே நினைத்திருந்தோம். கண் மருத்துவர் பெரிதாக்கிக் காட்டும் விளக்கில் பார்த்தபோதுதான் இமை ஓரத்தில் பேன் அசைவது தெரிந்தது. நிறமே இல்லாமல் தோலோடு ஒட்டிக்கிடப்பதால் வெறும் கண்ணுக்குத் தப்பிவிடுமாம், பழுப்பாகத் தூள் போல் இருப்பது அதன் எச்சம். இது பெரும்பாலும் தலைப்பேன் இல்லை, நண்டு மாதிரிக் கொடுக்கு உள்ள வேறு வகை, 1 முதல் 2 மில்லிமீட்டர்தான் இருக்கும், முடி இடைவெளிவிட்டு வளரும் இடம்தான் அதற்குத் தோது, அதனால் தலை சுத்தமாக இருப்பதில் வியப்பில்லை. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். பிறகு கண்ணுக்கென்றே உள்ள பாரஃபின் களிம்பை இமையோரம் தினம் இரண்டு வேளை, 10 நாள் தடவினோம். களிம்பு பேனை மூச்சடைக்க வைக்கும், ஈரைக் கொல்லாது; ஈர் பொரிய ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம் என்பதால் நடுவில் நிறுத்தக்கூடாது. சாதாரண வாசலினைக் கண்ணில் போடாதீர்கள், எரியும்.

முன்னாள் தாதி:
பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் வாங்கிக் கண் பிரிவுக்குப் போங்கள். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், வீட்டில் யார் யார், பிள்ளை யாரோடு படுக்கிறாள் என்றெல்லாம் மருத்துவர் கேட்பார். இந்தப் பேன் பெரியவர்களிடம் மறைவிட முடியில் இருப்பது, ஒரே படுக்கை, ஒரே துண்டு மூலமும் பிள்ளைக்கு வரலாம். ஆனால் யாராவது பிள்ளையிடம் தவறாக நடந்திருக்கவும் வாய்ப்பு உண்டு என்பதால் அவர்கள் கேட்டே ஆகவேண்டும், கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். வீட்டில் பணிப்பெண் இருந்தால், தயவுசெய்து அவர்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், உங்களையும் கணவரையும் சேர்த்து வீட்டில் எல்லாரையும் பார்க்கவேண்டும்.

ஈசூன் அம்மா:
படித்ததும் நெஞ்சு படபடக்கிறது, ஆனாலும் மறைக்காமல் சொன்னதற்கு நன்றி அக்கா. நாளைக் காலையிலேயே போகிறோம். படுக்கை விரிப்பை என்ன செய்வது?

செங்காங் அப்பா:
55 டிகிரிக்குக் குறையாத சுடுநீரில் துவைத்து, சூடான டிரையரில் போடுங்கள். வீட்டில் டிரையர் இல்லையென்றால் புளோக்குக்குக் கீழே காசு போட்டுத் துவைக்கும் கடை இருக்கிறதா பாருங்கள். துவைக்க முடியாத பொம்மையைப் பையில் கட்டி இரண்டு வாரம் வைத்தால் போதும். வீட்டுக்கு மருந்து அடிக்கவேண்டாம், உடம்பைவிட்டு விழுந்த பேன் இரண்டு நாளில் செத்துவிடும்.