மழையில் இரண்டு நாய்களோடு டெண்ட்: திட்டம் குலைந்தால் எதை முதலில் பார்ப்பது?

தூறல்:
வணக்கம். வார இறுதியில ரெண்டு ராத்திரி டெண்ட் போட்டுத் தங்குற திட்டம். ரெண்டு பேர், ரெண்டு நாய்: 26 கிலோ லாப்ரடார், 7 கிலோ டாக்ஸ்ஹண்ட். நாலு பேர் படுக்கிற டெண்ட், 3க்கு 4 மீட்டர் தார்ப்பாய் ஒண்ணு இருக்கு. சனிக்கிழமை மதியத்துக்கு மேல மழைன்னு வானிலை சொல்லுது, எவ்வளவுன்னு தெளிவா இல்ல. ஈர நாயை உள்ள படுக்க வைக்கிறது, ராத்திரிக் குளிர், சின்னவனோட இடி பயம், இந்த மூணும்தான் கவலை. எந்தக் கட்டத்துல மூட்டை கட்டிக் கிளம்பணும்?

கூடாரக்கயிறு:
தார்ப்பாயைப் பையில எல்லாத்துக்கும் மேல வைங்க. போனதும் முதல்ல அதைக் கட்டணும், அதுக்குக் கீழதான் டெண்ட். கிளம்பும்போது தார்ப்பாயைக் கடைசியா அவிழ்க்கணும்.

ரெண்டு மரத்துக்கு நடுவுல தோள் உயரத்துல கயிறு இழுத்து அது மேல போடுங்க. காத்து வர்ற பக்கத்தை முழங்கால் உயரத்துக்கு இறக்கி முளை அடிங்க. மழைத்தண்ணி மரத்துலேர்ந்து கயிறு வழியாவே உள்ள ஓடி வரும். தார்ப்பாய் ஆரம்பிக்கிறதுக்கு ஒரு சாண் முன்னாடி, கயித்துல ஒரு துணி நாடாவை முடிஞ்சு தொங்க விட்டா அங்கேயே சொட்டிடும். டெண்ட் வாசலுக்கு முன்னாடி ஒரு மீட்டராவது நனையாத இடம் இருக்கணும். நாய்களைத் துடைக்கிற இடம் அதுதான், டெண்ட்டுக்குள்ள இல்ல.

அடியில விரிக்கிற ஷீட் டெண்ட் தரையை விட நாலு பக்கமும் 5 செ.மீ. சின்னதா இருக்கட்டும். வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா மேலேர்ந்து வழியுற மழையை அது வாங்கிக்கும். தண்ணி ஷீட்டுக்கும் டெண்ட் தரைக்கும் நடுவுல தேங்கி, நாய் படுக்கிற எடையில துணி வழியா மேல ஏறும். டெண்ட் ஒழுகுதுன்னு பலர் நினைக்கிறது இதைத்தான்.

நைலான் நனைஞ்சா தொய்யும். படுக்குறதுக்கு முன்னாடி கயிறுகளை ஒரு தடவை இறுக்குங்க, வெளித்துணி உள்துணியைத் தொடக் கூடாது. குளிருதுன்னு மேல இருக்கிற காத்துத் திறப்பை மூடிடாதீங்க. நாலு உயிரோட மூச்சு, ஈர ரோமத்தோட ஆவி எல்லாம் விடியுறதுக்குள்ள உள்சுவர்ல சொட்டும். உள்ள தரை முழுக்க ஃபோம் பாய் போடுங்க, நகம் துணியைக் குத்தாம இருக்க அது அவசியம். நகத்தைக் கிளம்புற அன்னிக்கு வெட்டாம ரெண்டு மூணு நாள் முன்னாடியே வெட்டுனா கூர் தேஞ்சிருக்கும்.

நாலுகால்:
உங்கள் இரண்டில் முதலில் குளிர்வது டாக்ஸ்ஹண்ட்தான். சின்ன உடம்பு சூட்டைச் சீக்கிரம் இழக்கும். கால் குட்டை என்பதால் ஈரப் புல் முழுவதும் வயிற்றில் உரசும். கடைகளில் கிடைக்கும் மழைக்கோட்டு பெரும்பாலும் முதுகை மட்டுமே மூடும். அவனுக்கு வயிற்றையும் மூடுவது வேண்டும்.

ஒரு நாய்க்கு இரண்டு துண்டு. முதலாவது மைக்ரோஃபைபர்: துடைப்பது, பிழிவது, மறுபடி துடைப்பது, அதுவே போதும். இரண்டாவது காய்ந்த துண்டு, தண்ணீர் புகாத பையில் கட்டி வைத்து ராத்திரி மட்டும் எடுங்கள். வயிறு, மார்பு, தொடை இடுக்கு, பிறகு கால்விரல் இடுக்குகள், கடைசியில்தான் முதுகு. லாப்ரடாரின் முதுகு நனைந்ததாகத் தெரிந்தாலும் விரலால் ரோமத்தைப் பிளந்து பாருங்கள், தோல் பெரும்பாலும் காய்ந்தே இருக்கும். அதன் காது மடல்களைத் தூக்கி உள்பக்கம் ஒற்றி எடுங்கள், ஈரம் தங்கினால் காதில் தொற்று வரும். ஈரமான கழுத்துப் பட்டையையும் ஹார்னஸையும் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) தூங்கும்போது கழற்றிவிடுங்கள், அடியில் தோல் புண்ணாகும். பதிலுக்குப் பெயர்த் தகடு மாட்டிய காய்ந்த பட்டை ஒன்று வேண்டும்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். நடுக்கம் என்பது உடம்பு இன்னும் போராடுகிறது என்ற அடையாளம். உடம்பு சூடேறாமலே நடுக்கம் நின்று, நாய் மந்தமாகி, கால் தடுமாறினால் அதுதான் ஆபத்து. ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரில் 37க்குக் கீழே போனால் பயணம் முடிந்தது. துடைத்து, போர்த்தி, வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி மார்பருகே வைத்தபடி மருத்துவரிடம் கிளம்புங்கள். எந்தக் காரணத்துக்காகவும் டெண்ட்டுக்குள் அடுப்பு பற்ற வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு உங்களையும் சேர்த்துக் கொல்லும்.

தூறல்:
ரொம்ப நன்றி. பகல்ல தார்ப்பாய்க்குக் கீழ கட்டி வைக்கலாமா? இடி பயத்துக்கு மாத்திரை கொடுக்கிறது சரியா?

நீளக்கயிறு:
கட்டலாம், ஆனா டெண்ட் கம்பியிலயோ முளையிலயோ வேண்டாம். லாப்ரடார் ஒரு இழுப்பு இழுத்தா டெண்ட்டே வந்துடும். ரெண்டையும் வேற வேற மரத்துல கட்டுங்க, கயிறு ஒண்ணையொண்ணு எட்டக் கூடாது. மரத்தைச் சுத்திச் சிக்கிக்கும், அதனால கண்பார்வையில இருக்கும்போது மட்டும். கயிறு கழுத்துப் பட்டையில இல்லாம ஹார்னஸ் முதுகு வளையத்துல மாட்டணும்.

மாத்திரை மருத்துவர் எழுதிக் கொடுத்தா சரி, ஆனா முதல் தடவையா காட்டுல கொடுக்காதீங்க. முன்னாடியே ஒரு நாள் வீட்டுல கொடுத்து எவ்வளவு மயக்கம், எத்தனை மணி நேரம்னு பாத்துக்கணும். மனுஷங்க சாப்பிடுற பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென் ரெண்டும் நாய்க்கு விஷம். இடி நேரத்துல லீஷைக் கழட்டவே கூடாது, ஜிப்பை முட்டித் திறந்துக்கிட்டு ஓடுற நாய் இருக்கு.

கூடாரக்கயிறு:
கிளம்புற கேள்விக்கு வர்றேன். முடிவை சனிக்கிழமை இருட்டுறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி எடுங்க. அந்த நேரத்துல கைவசம் ஒரு காய்ஞ்ச துண்டும் காய்ஞ்ச போர்வையும் மிச்சம் இல்லன்னா கிளம்பிடுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் வெளிச்சத்துல, பயந்த நாயைக் கையில பிடிச்சுக்கிட்டு மூட்டை கட்டுறது ரொம்பக் கஷ்டம்.

ரெண்டு விஷயத்துக்கு மட்டும் காத்திருக்கவே வேண்டாம். பக்கத்து ஓடை திடீர்னு கலங்கி, சுள்ளியும் இலையும் அடிச்சுக்கிட்டு வந்தா மேல எங்கயோ பலத்த மழை. சாமானை விட்டுட்டு மேட்டுக்குப் போங்க. இடி கேட்டா நாய்களோட காருக்குள்ள போய்க் கதவை மூடுங்க, கடைசி இடிக்கு அப்புறம் 30 நிமிஷம் கழிச்சு இறங்கலாம். மின்னலுக்கு டெண்ட் எந்தப் பாதுகாப்பும் இல்ல.

நாலுகால்:
ஒன்றை விட்டுவிட்டேன். குடிக்கச் சுத்தமான தண்ணீர் கொண்டுபோங்கள்: ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 50 முதல் 60 மில்லி, ஆக உங்கள் இரண்டு நாய்களுக்கும் சேர்த்து நாளுக்கு 2 லிட்டர். அடிக்கடி கிண்ணத்தை நீட்டாவிட்டால் குட்டையில் வாய் வைக்கும். எலி, மாட்டின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா கிருமி இருக்கலாம். அதற்கான தடுப்பூசியை முதல்முறை போடுவதென்றால் 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு தவணை, பிறகு ஆண்டுக்கு ஒன்று; இந்த வாரம் போட ஆரம்பித்தால் இந்தப் பயணத்துக்கு உதவாது.

திரும்பி வந்ததும் காது, அக்குள், விரலிடுக்கு, பட்டைக்கு அடியில் உண்ணி தேடுங்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும்; எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம். அடுத்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், வாந்தி, சாப்பிடாமல் சுருண்டு கிடப்பது, கண் மஞ்சளாவது என்று எது தெரிந்தாலும், மழையில் வெளியே தங்கியதையும் தேங்கிய தண்ணீரைக் குடித்ததையும் மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும் என்பதால், மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை நாயின் சிறுநீரைக் கையுறை போட்டுத்தான் துடைக்க வேண்டும்.