மறு: எலக்ட்ரோஸ்ப்ரே – மின்தெளிப்பா, மின்துவலையா?

எல்லாருக்கும் வணக்கம். தமிழ்வழி பி.எஸ்சி. பிள்ளைங்களுக்கான பாடக்குறிப்பை வெள்ளிக்கிழமை கொடுத்தாகணும், அதனால அதுல வர்ற கலைச்சொற்களைப் பத்தி நீங்க எழுதினதுக்கு வரிசையா சொல்லிடறேன். பாடம் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி, அதாவது புரதம் மாதிரி மூலக்கூறுகளை மின்னூட்டம் உள்ள அயனியாக்கி நிறையை அளக்கறது; எலக்ட்ரோஸ்ப்ரேங்கறது அப்படி அயனியாக்கற ஒரு முறை.

> அயனி வடசொல். ஏகு-விலிருந்து ‘ஏகி’ என்போம்.

ஐயா, அயனிக்கு ஆங்கிலத்துல சொல்ற அயான் 1834-ல ஃபாரடே புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல், கிரேக்கத்துல ‘போவது’ன்னு பொருள். உத்தராயணத்துல வர்ற அயனத்துக்கும் போறதுதான் பொருள், ரெண்டுக்கும் வேரும் ஒண்ணு. ஏகி அழகாத்தான் இருக்கு, ஆனா பள்ளிக்கூடத்துலேருந்தே அயனின்னு படிச்சுட்டு வந்த பிள்ளைகிட்ட இப்ப போய் மாத்த எனக்கு மனசு வரல. அயனியாக்கம் இருக்கட்டும்.

> மின்தெளிப்பே போதும். வயல்ல மருந்து தெளிக்கறது எல்லாருக்கும் தெரியும்.

அக்கா, புரியும், ஒத்துக்கறேன். ஆனா தெளிப்புங்கறது நாம செய்யற வேலை, புரதத்தை அயனியாக்கறது அந்தத் துளி. சில ஆயிரம் வோல்ட் கொடுத்த ஊசிமுனையிலேருந்து கரைசல் பொடித்துளியா பறக்குது, கரைப்பான் ஆவியாக ஆவியாக துளி சுருங்குது, மின்னூட்டமெல்லாம் நெருங்கி ஒண்ணையொண்ணு தள்ளி துளியே வெடிக்குது, அப்படியே திரும்பத் திரும்ப நடந்து கடைசில புரதம் உடையாம, பல மின்னூட்டத்தோட வெளிய வருது. பழைய முறையில முதல்ல ஆவியாக்கி அப்புறம் 70 எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரானால அடிக்கணும், புரதத்தை அப்படிச் சூடாக்கினா சிதைஞ்சுதான் போகும். இந்த முறைக்காக 2002-ல நோபல் வாங்கின ஃபென் தன் நோபல் உரைக்கு, புரதம் மாதிரி பெரிய மூலக்கூறுகளை யானைன்னு சொல்லி, ‘மூலக்கூறு யானைகளுக்கு மின்தெளிப்புச் சிறகு’ங்கற பொருள்லதான் தலைப்பு வச்சார். அந்தச் சிறகு துளிதானே. நெடுநல்வாடையில பொடி மழைத்துளிக்குத் துவலைன்னு கையில சொல் இருக்கு, அதான் மின்துவலைன்னு கேக்கறேன்.

> மால்டியில் வரும் மேட்ரிக்ஸ் = அணி.

கணக்குல சரி. மால்டிங்கறது லேசரால அயனியாக்கற இன்னொரு முறை, அங்க மேட்ரிக்ஸ்ங்கறது சினாப்பினிக் அமிலம் மாதிரி ஒரு சேர்மம், புரதத்தைத் தனக்குள்ள பொதிஞ்சு படிகமாகுது, லேசர் ஒளியைத் தான் வாங்கிட்டு புரதத்தையும் கூடவே கிளப்பி விடுது. அணின்னு எழுதினா பிள்ளைங்க நிரை, நிரல் தேடுவாங்க. ‘பொதிமம்’னு வைக்கலாமா? ‘தாங்கி’ன்னு ஒருத்தர் சொன்னார், அதுல ஒளி வாங்கற வேலை வரல, ஆனா பொதிமத்துலயும் அது வரலங்கறது உண்மைதான்.

நேத்து ராத்திரி வரைக்கும் தெளிப்புக்கு நாலு பேர், துவலைக்கு என்னையும் சேர்த்து ரெண்டு பேர். சரி, முறைக்கு மின்தெளிப்பு அயனியாக்கம்னே போடறேன், பறக்கற துளியை மட்டும் துவலைன்னு எழுதறேன், அதை எடுக்கச் சொல்லாதீங்க. பொதிமம் பிடிக்கலன்னா வியாழன் சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க, மேட்ரிக்ஸ்னே விட்டுடறேன்.

இன்னொண்ணு, மாஸ் ஸ்பெக்ட்ரத்துக்கு, நிறமே இல்லாத இடத்துல ‘நிறை நிறமாலை’ன்னு எழுத கை வரமாட்டேங்குது. அதுக்கு யார்கிட்டயாவது சொல் இருக்கா?