‘ஐயாம் நாட் இன் லவ்’: ஸ்டாக்போர்ட்டில் கேட்ட பாட்டு

பிரிட்டிஷ் இசைக்குழுவான டென்சிசி (10cc) பாடிய ‘ஐயாம் நாட் இன் லவ்’ (‘நான் காதலிக்கவில்லை’) பேச்சு வந்தால் எனக்கு வாய் ஓயாது. 1975 ஜூன், ஜூலையில் பிரிட்டனில் இரண்டு வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு அது. அமெரிக்காவில் இரண்டாம் இடம் வரை போனது. அந்தக் காலத்து ஹிட் பாடல்கள் மூன்று, மூன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும்; இது ஆறு நிமிடத்தைத் தாண்டும். அவசரமே படாத பாட்டு எப்படி அத்தனை பேரைப் பிடித்து நிறுத்தியது என்று எனக்கு இன்றும் வியப்புதான்.

நான் ஸ்டாக்போர்ட் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். மான்செஸ்டருக்குத் தெற்கே ஒட்டிய ஊர், ஒரு காலத்தில் தொப்பித் தொழிலுக்குப் பேர்போனது. எங்கள் இல்லத்தில் எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா இருக்கிறார். ஒருநாள் மதியம் ரேடியோவில் இந்தப் பாட்டு வந்தது. போர்வை மடித்துக்கொண்டிருந்த என்னைக் கையமர்த்தி, “பேசாமல் கேள்” என்றார். முடிந்ததும் கதை வந்தது. அப்போது அவருக்கு இருபதை ஒட்டிய வயது. டான்ஸ் ஹாலில் கடைசிப் பாட்டாக இதைத்தான் போடுவார்களாம். அது தொடங்குவதற்குள் மனசுக்குப் பிடித்தவன் பக்கத்தில் எப்படியாவது போய் நின்றுவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் வேறொருத்தி கூட்டிக்கொண்டு போய்விடுவாள். “ஆறு நிமிஷம்! அந்த நாளில் அது பெரிய பாக்கியம்” என்றார். அப்புறம்தான் சொன்னார், “இதை இங்கேதான் ரெக்கார்ட் பண்ணினார்கள், வாட்டர்லூ ரோட்டில்.”

உலகமெங்கும் ஓடிய பாட்டு லண்டனில் பிறந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். விடுமுறை நாளில் போய்ப் பார்த்தேன். ஸ்ட்ராபெரி ஸ்டுடியோஸ் 1993இல் மூடிவிட்டது, ஆனால் கட்டடம் நிற்கிறது, வெளியே நீல நிற நினைவுப் பலகை. குழுவைச் சேர்ந்த எரிக் ஸ்டூவர்ட் அந்த ஸ்டுடியோவின் பங்குதாரர்களில் ஒருவராக இருந்தார். அதனால்தான் மணிக்கணக்கைப் பார்க்காமல் ஒரே பாட்டோடு மல்லுக்கட்ட முடிந்தது. வாடகை ஸ்டுடியோவாக இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது என்பது என் கருத்து.

முதலில் பொசா நோவா என்ற பிரேசில் பாணித் தாளத்தில்தான் போட்டிருக்கிறார்கள். குழுவிலேயே இருந்த கெவின் காட்லிக்கும் லால் கிரீமுக்கும் பிடிக்கவில்லை, அந்தப் பதிவைத் தூக்கிப் போட்டாயிற்று. ஆனால் ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர்கள் மெட்டை முணுமுணுப்பதை நிறுத்தவில்லை. சரி, இன்னொரு முறை பார்ப்போம் என்று உட்கார்ந்தபோது, வாத்தியமே வேண்டாம், முழுக்கக் குரலாலேயே செய்வோம் என்றார் காட்லி. அப்புறம் நடந்ததைக் கேட்டால் தலை சுற்றும். காட்லி, கிரீம், குழுவின் இன்னொருவரான கிரகாம் கோல்ட்மன் மூவரும் ஒரே ஸ்வரத்தை ‘ஆ’ என்று 16 தடவை பாடினார்கள். ஆக ஒரு ஸ்வரத்துக்கு 48 குரல். அடுத்த அரை ஸ்வரம், மறுபடி 16 தடவை. இப்படியே ஒரு முழு ஸ்தாயி. ஒவ்வொன்றையும் டேப் வளையமாக ஒட்டி, நிற்காமல் ஓடவிட்டு, பதினாறு ஒலிகளைத் தனித்தனியாகப் பதிக்கும் 16 டிராக் இயந்திரத்தில் ஏற்றினார்கள். பிறகு மிக்ஸரில் ஒவ்வொரு ஒலியின் அளவையும் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களை ஏற்றி இறக்கியே, பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டுகளை (chords) வாசித்தார்கள். எந்த ஃபேடரும் அடிவரை இறங்கிவிடாதபடி கீழே ஒட்டும் டேப்பை ஒட்டியிருந்தார்களாம். அதனால் பாட்டு முழுக்க எல்லா ஸ்வரங்களும் மெல்லிசாக அடியில் ஒலித்துக்கொண்டே இருக்கும். அந்தப் பனிமூட்டம் மாதிரியான சத்தம் அதுதான்.

நான் நாகர்கோவிலில் சர்ச் குவயரில் டெனர், அதாவது ஆண்களின் மேல் ஸ்தாயிக் குரல், பாடியவன். ஒரே ‘ஆ’வைச் சுருதி இறங்காமல் பிடித்து நிற்பது எவ்வளவு சிரமம் என்று பாடியவர்களுக்குத் தெரியும். நாலாவது தடவையிலேயே தொண்டை தளர்ந்து, பக்கத்தில் நிற்பவன் மேல் கோபம் வந்துவிடும். இவர்கள் அதை வாரக்கணக்கில் செய்திருக்கிறார்கள். இன்றைக்குக் கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தினால் கோரஸ் வந்துவிடும், ஆனால் அதில் மூச்சு இருக்காது. இந்தப் பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள், மூச்சு கேட்கும்.

பாட்டு பிறந்த காரணமும் எனக்கு நெருக்கமானது. ‘ஐ லவ் யூ’ என்று அடிக்கடி சொல்வதில்லையே என்று ஸ்டூவர்ட்டின் மனைவி குறைப்பட்டிருக்கிறார். தினம் சொன்னால் மதிப்பு போய்விடுமே என்று இவர் யோசித்திருக்கிறார். அதிலிருந்து வந்தவன்தான், காதலே இல்லை என்று சாதிக்கிற இந்த ஆள். உன் படத்தைச் சுவரில் மாட்டியிருப்பதுகூட அங்கே இருக்கும் கறையை மறைக்கத்தான் என்கிறான்! அவன் மறுக்க மறுக்க, பின்னால் அந்த நூற்றுக்கணக்கான குரல்கள் அவனைக் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. எங்கள் அப்பா அம்மாவிடம் அந்த மாதிரி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லை. ஆனால் அம்மா ஊருக்குப் போனால் வீட்டில் அவருக்குச் சோறு இறங்காது.

நடுவே எல்லாம் அடங்கி, பெரிய பையன்கள் அழமாட்டார்கள் என்று ஒரு பெண் கிசுகிசுப்பார். அவர் பாடகியே இல்லை, ஸ்டுடியோவின் வரவேற்பாளர். யாருக்கோ போன் வந்திருக்கிறது என்று கதவைத் திறந்து மெதுவாகச் சொல்ல வந்தவரின் குரலைக் கேட்டு, இதுதான் வேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள். எங்கள் இல்லத்து அம்மா அந்த இடத்தில் கூடவே உதட்டை அசைப்பார்.

ஆனால் அவருக்கும் எனக்கும் இதில் பெரிய வழக்கே இருக்கிறது. அவன் கோழை, அவ்வளவுதான் என்பது அவர் கட்சி. சொல்லத் தெரியாதவன் என்பது என் கட்சி. பின்னணிக் குரல்களை வைத்து நான் வாதாடினால், “குரல் மூன்று பேருடையது, பொய் அவனுடையது” என்பார். இரண்டு பேரும் ஒத்துப்போகிற விஷயம் ஒன்றுதான். கடைசியில் ஒரு பொம்மை இசைப்பெட்டி ஒலிக்கும்போது, ரேடியோக்காரர்கள் அதன் மேலேயே பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அதனால் இப்போது என் போனில் முழுப் பாட்டையும் வைத்திருக்கிறேன். அவர் கேட்டால் முடிவுவரை போட்டுக் காட்டுகிறேன்.