திரட்டுப்பால்ல தயிர் எங்கேர்ந்து வந்தது?

மயிலை_மாமி:
நேத்திக்கு இங்க ஒருத்தர் போட்டிருக்கா, "ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க், ரெண்டு ஸ்பூன் தயிர், மைக்ரோவேவ்ல 7 நிமிஷம், பாரம்பரிய திரட்டுப்பால் ரெடி"ன்னு. படிச்சதுலேர்ந்து மனசு ஆறலை. டின்னை விடுங்கோ, மைக்ரோவேவை விடுங்கோ, தயிர் எங்கேர்ந்து வந்தது? எங்காத்துல சீமந்தம், கல்யாணம்னா அம்மா வெங்கல உருளில 2 லிட்டர் பாலை ஏத்திட்டு ஒன்றரை மணி நேரம் அடுப்பை விட்டு நகர மாட்டா, ஓரத்துல ஒட்டற ஏட்டை வழிச்சு வழிச்சு உள்ள தள்ளிண்டே இருப்பா, கெட்டியாக ஆரம்பிச்சா டப் டப்னு கொப்புளிச்சு முழங்கை வரைக்கும் தெறிக்கும். அதுக்கப்புறம்தான் மணல் மணலா தானா வரும். தயிர் ஊத்தி வரவெச்சா அது திரட்டுப்பால் இல்லை, திரிஞ்ச பால்.

அண்ணாநகர்_அர்ச்சனா:
அந்த போஸ்ட் என்னோடதுதான் ஆன்ட்டி, நேராவே கேட்டிருக்கலாம். காலைல 8 மணிக்கு மெட்ரோ பிடிச்சா நைட்டு 8க்குதான் வீட்டுக்கு வர்றேன், ஒன்றரை மணி நேரம் அடுப்படில நிக்க எனக்கு தெம்பு இல்ல. தயிர் ஊத்தினா பால்ல இருக்கற புரதம் திரளும், அதான் மணல் பதம். பனீருக்கு தண்ணிய வடிக்கறோம், இதுல வடிக்கறது இல்லையே, எல்லாம் உள்ளயே வத்திடுது. கலாகந்த் பண்றவங்களும் கொஞ்சம் புளிப்பு சேர்த்துத்தான் திரிய வைக்கறாங்க.

மயிலை_மாமி:
கலாகந்த் வடக்கத்தி ஸ்வீட். நான் கேட்டது திரட்டுப்பாலை. தயிர் எங்கேர்ந்து வந்தது?

வில்லிபுத்தூரான்:
சொந்த ஊரு ஸ்ரீவில்லிபுத்தூர், இப்ப வளசரவாக்கம். எங்க ஊரு பால்கோவாவுக்கு 2019லயே புவிசார் குறியீடு கொடுத்தாச்சு, விறகடுப்புல இரும்புச்சட்டிய வச்சு கிண்டுவாங்க, பாலு, சீனி, அவ்ளோதான். தயிரும் கிடையாது எலுமிச்சையும் கிடையாது. தயிர் விஷயத்துல மாமி சொல்றது சரி. ஆனா திரட்டுப்பால்னு வெல்லத்த போட்டு பாலோட ருசிய அமுக்கிடுறீங்களே, அத யாரும் கேக்கலயே?

மயிலை_மாமி:
வெல்லம் எங்க வழக்கம், அதுல கை வெக்காதீங்கோ.

பெரம்பூர்_பையன்:
ஒரு நிமிஷம் மாமி, வெல்லம் போட்டாலும் பால் திரியும்ல? எங்கம்மா பாயாசத்துல வெல்லம் போட்டா ஆற வச்சுதான் பாலே ஊத்துவாங்க, சூட்டோட ஊத்தினா மொத்தமும் திரிஞ்சிடும்னு. வெல்லம் திரிக்கலாம் தயிர் திரிக்கக் கூடாதா?

மயிலை_மாமி:
வெல்லம் கடைசில போடறது தம்பி. பால் வத்தி சேர்ந்து வந்தப்புறம், வெல்லத்தைக் கரைச்சு மண்ணு போக வடிகட்டி ஊத்தறது. தயிரை நீங்க எடுத்த எடுப்புலயே ஊத்தறேள். ரெண்டும் ஒண்ணா? போன மாசம் ரசப்பொடிக்கு துவரம்பருப்பு எதுக்குன்னு கேட்டவன்தானே நீ, உனக்கு இதெல்லாம் புரியாது.

பெரம்பூர்_பையன்:
ரசப்பொடிய ஏன் இழுக்கறீங்க? அன்னைக்கும் நான் கேட்டதுக்கு பதில் வரல, "உனக்கு புரியாது"ன்னு முடிச்சிட்டீங்க. இன்னைக்கும் அதேதான்.

அண்ணாநகர்_அர்ச்சனா:
கணக்கு சொல்றேன். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்ல கொழுப்பு 6 சதவீதம், மத்த திடப்பொருள் 9 சதவீதம். 1 லிட்டர்ல 150 கிராம் சொச்சம்தான் பாலோட சத்து, மிச்சம் தண்ணி. அந்த தண்ணிய விரட்டத்தான் இவ்ளோ கேஸ் செலவு. டின்ல இருக்கறது ஏற்கெனவே வத்த வச்ச பால், அப்ப எதுக்கு நான் மறுபடி முதல்லேர்ந்து வத்த வைக்கணும்?

வில்லிபுத்தூரான்:
அந்த டின்னுல 100க்கு 40க்கு மேல சர்க்கரைம்மா, அத ஏன் கணக்குல விட்டுட்டீங்க? எங்க வீட்ல லிட்டருக்கு 125 கிராம் சீனிதான், அதுவும் பால் பாதிக்கு மேல சுண்டின பொறவு. வாயில போட்டா பால் தெரியணும், சீனி தெரியக்கூடாது.

தாம்பரம்_சுதா:
பச்சை பாக்கெட்ல பண்ணா வருமா? அடிபிடிக்காம இருக்க உள்ள ஒரு சின்ன தட்டு போடணும்னு எங்க பாட்டி சொல்லுவாங்க, அது எதுக்குன்னு யாராவது சொல்லுங்களேன்.

மயிலை_மாமி:
பச்சைல வரும், கொழுப்பு நாலரைதான், அதனால கொஞ்சம் கம்மியாத்தான் தேறும். தட்டு போட்டா அது அடில ஆடிண்டே இருக்கும், பால் ஒரே இடத்துல படியாது, பொங்கியும் வழியாது. கெட்டியாக ஆரம்பிச்சதும் எடுத்துடணும். பாத்தேளா, பாட்டி தட்டு போடச் சொன்னா, தயிர் ஊத்தச் சொல்லலை.

அண்ணாநகர்_அர்ச்சனா:
உங்க பாட்டி காலத்துல மைக்ரோவேவும் இல்லதான். எங்க வீட்ல ஒரு துளி மிச்சம் இல்லாம காலி ஆச்சு, என் மாமியாரே கிண்ணத்த வழிச்சு சாப்பிட்டாங்க. அவங்க கும்பகோணம்.

மயிலை_மாமி:
கும்பகோணமா இருக்கட்டும், காசியா இருக்கட்டும். ருசியா இல்லைன்னு நான் சொல்லவே இல்லை, பாரம்பரியம்னு எழுதினதைத்தான் கேக்கறேன். அந்த வார்த்தையை எடு.

அண்ணாநகர்_அர்ச்சனா:
எடுக்க மாட்டேன்.

பெரம்பூர்_பையன்:
மாமி, என் வெல்லம் கேள்வி அப்படியே நிக்குது.

வில்லிபுத்தூரான்:
என்னோடதும்தான்.

மயிலை_மாமி:
முதல்ல தயிருக்கு பதில் வரட்டும்.