அரசை விமர்சித்தவர்களுக்கு மனநோய் முத்திரை: சோவியத் மருத்துவர்கள் அறிந்தேதான் செய்தார்களா?

வேங்கைமரம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சோவியத் ஒன்றியத்தில் அரசை எதிர்த்துப் பேசியவர்களை மனநல மருத்துவமனைகளில் அடைத்துவைத்த வரலாற்றைச் சில காலமாக வாசித்து வருகிறேன். சோவியத் வேளாண் அறிவியலாளர் லைசென்கோவின் போலி அறிவியலை அம்பலப்படுத்திய உயிரியலாளர் ஷோரெஸ் மெத்வதேவை 1970 மே மாத இறுதியில் வீடு புகுந்து அழைத்துச்சென்று, கலூகா நகர மனநல மருத்துவமனையில் வைத்தார்கள். ஒருவரே ஆய்வுக்கூட வேலையும் பார்த்துக்கொண்டு அரசியல் விமர்சனமும் எழுதுவது ஆளுமைப் பிளவின் அறிகுறி என்று அங்கே கருதப்பட்டது. இயற்பியலாளர் சகாரவும் எழுத்தாளர் சோல்ஜெனிட்சினும் பிறரும் எழுப்பிய எதிர்ப்பின் விளைவாக 19 நாட்களில் அவர் வெளியே வந்துவிட்டார். கீவ் நகரத்துக் கணிதவியலாளர் லியோனித் பிளூஷ்சுக்கு அந்த நல்வாய்ப்புக் கிடைக்கவில்லை. 1972 ஜனவரியில் கைதான அவர் 1976 ஜனவரியில்தான் விடுதலையானார். இடைப்பட்ட காலத்தில் தினிப்ரபெட்ரோவ்ஸ்க் சிறப்பு மருத்துவமனையில் அவருக்கு ஹாலோபெரிடால் என்னும் மனநோய் மருந்தும் இன்சுலினும் கொடுக்கப்பட்டன. முதலில் அரசியலிலும், பிறகு அறிவியலிலும், கடைசியில் மனைவி மக்களிடத்திலும்கூட அக்கறை வற்றிப்போனது என்று அவரே பின்னர் பாரிசில் சொல்லியிருக்கிறார்.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. சிறையும் உழைப்பு முகாமும் கையில் இருந்த ஓர் அரசுக்கு மருத்துவமனை எதற்குத் தேவைப்பட்டது? அந்தச் சான்றிதழ்களில் கையெழுத்திட்ட மருத்துவர்கள், எதிரில் இருப்பவர் நலமாக இருக்கிறார் என்று தெரிந்தே கையெழுத்திட்டார்களா, அல்லது நோயாளி என்று உண்மையாகவே நம்பினார்களா? இரண்டாவது கேள்விக்கு நான் படித்தவற்றிலிருந்து தெளிவான விடை கிடைக்கவில்லை.

பழைய வாசகன்

முதல் கேள்விக்கு என்னால் இயன்றவரை விடை சொல்கிறேன். சோவியத் எதிர்ப்புப் பிரச்சாரம் என்னும் 70ஆம் பிரிவின்கீழ் வழக்குத் தொடுத்தால் ஏழு ஆண்டு முகாமும், நாட்டுக்குள்ளேயே தொலைதூர இடத்துக்கு ஐந்து ஆண்டு நாடுகடத்தலும் வரை தண்டனை கொடுக்கலாம். ஆனால் அதற்கு விசாரணை வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் கூண்டில் நின்று பேசுவார். அவர் பேசியதை யாராவது எழுதி எடுத்துக் கைப்பிரதியாகப் பரப்பிவிடுவார்கள். செயலுக்குப் பொறுப்பேற்க இயலாதவர் என்று மருத்துவக் குழு ஒருமுறை சொல்லிவிட்டால் இந்தத் தொல்லைகள் எவையும் இல்லை. அவர் இல்லாமலேயே நீதிமன்றம் கூடிக் கட்டாய சிகிச்சைக்கு உத்தரவிடலாம், சிகிச்சைக்குக் கால வரம்பும் கிடையாது. ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஒரு குழு வந்து பார்க்கும். கருத்து மாறிவிட்டதா என்பதே அந்தக் குழுவின் முக்கியக் கேள்வியாக இருந்தது.

1968 ஆகஸ்ட் 25 அன்று, செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் படை அனுப்பப்பட்டதைக் கண்டித்து எட்டுப் பேர் மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் அமர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான விக்டர் ஃபைன்பெர்க்கின் முன்பற்கள் கைதின்போது உடைக்கப்பட்டன. அந்த முகத்தோடு அவரை நீதிமன்றத்தில் நிறுத்த முடியவில்லை. அவர் லெனின்கிராடு சிறப்பு மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். கைக்குழந்தையோடு வந்திருந்த கவிஞர் நத்தாலியா கர்பனேவ்ஸ்கயாவை அப்போது விட்டுவிட்டு, 1969 டிசம்பரில் கைது செய்து, பின்னர் கஸான் சிறப்பு மருத்துவமனையில் வைத்தார்கள். சிறப்பு என்ற சொல்லை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவை சுகாதார அமைச்சகத்தின் பொறுப்பில் இருக்கவில்லை; காவல்துறையை நடத்திய உள்துறை அமைச்சகமே அவற்றை நடத்தியது. தண்டனை பெற்ற குற்றவாளிகளே அங்கே பணியாட்களாகவும் இருந்தார்கள்.

என்னை மிகவும் பாதித்தது மேஜர் ஜெனரல் பியோத்தர் கிரிகரென்கோவின் கதைதான். உலகப் போரில் போரிட்டவர், ராணுவக் கல்லூரியில் கற்பித்தவர், உறுதியான கம்யூனிஸ்ட். 1961இல் மாஸ்கோவில் ஒரு கட்சி மாநாட்டில் எழுந்து, அன்றைய தலைவர் குருச்சேவைச் சுற்றி மீண்டும் தனிமனித வழிபாடு வளரும் ஆபத்தைப் பற்றிப் பேசினார். அதிலிருந்து சரிவு தொடங்கியது. 1964இல் கைதானபோது குற்ற வழக்குகளில் மனநல ஆய்வு செய்யும் மாஸ்கோவின் செர்ப்ஸ்கி நிறுவனம் அவரை மனநோயாளி என்றது. நோயாளி என்றால் அவர் செய்தது குற்றமாகாது. அப்படியிருந்தும் அவருடைய ராணுவப் பதவியைப் பறித்துச் சாதாரணச் சிப்பாயின் நிலைக்கு இறக்கினார்கள், ஓய்வூதியத்தையும் மறுத்தார்கள். விடுதலையான பிறகு அந்தத் தளபதி சுமை தூக்கிப் பிழைத்தார். நோயையும் தண்டனையையும் ஒருவர் மீதே சுமத்திய இந்த முரண்பாட்டை எந்த மருத்துவர் குழுவும் கேள்வி கேட்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

உளமருத்துவர், மதுரை

நான் மனநல மருத்துவர் என்பதால் இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவனாக உணர்கிறேன்.

மாஸ்கோவின் செல்வாக்கு மிக்க மனநல மருத்துவர் அந்திரேய் ஸ்னெஷ்னெவ்ஸ்கி, மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயின் எல்லையை மிகவும் அகலமாக வரைந்தார். அவருடைய வகைப்பாட்டில் 'மெதுவாக வளரும் மனச்சிதைவு' என்று ஒன்று இருந்தது. அதற்குக் காதில் குரல் கேட்க வேண்டியதில்லை, வேலை கெட வேண்டியதில்லை, குடும்பம் குலைய வேண்டியதில்லை. பிடிவாதம், அவநம்பிக்கை, தத்துவ நூல்களில் மூழ்குதல், சமூகத்தைச் சீர்திருத்தத் துடித்தல் ஆகியவையே போதும். அறிகுறியே தேவைப்படாத நோய்க்கு எதிராக ஒருவர் தன் நலத்தை எப்படி நிறுவ முடியும்? அமைதியாக இருந்தால் நோய் மறைந்திருக்கிறது என்பார்கள், எதிர்த்தால் முற்றிவிட்டது என்பார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 1960களின் பிற்பகுதியில் ஒன்பது நாடுகளில் மனச்சிதைவு பற்றிய ஒப்பாய்வு ஒன்றை நடத்தியது. நம் நாட்டின் ஆக்ராவும் அதில் ஒரு மையமாக இருந்தது. மற்ற மையங்களைவிட மாஸ்கோவும் வாஷிங்டனும்தான் இந்த நோயை மிக விரிவான பொருளில் கணித்தன என்று அந்த ஆய்வு காட்டியது. எனவே மாஸ்கோவில் பயின்ற ஓர் இளம் மருத்துவர், அரசியல் அழுத்தம் எதுவும் இல்லாதபோதும், மேற்கு ஐரோப்பிய மருத்துவர் நோய் காணாத இடத்தில் நோய் கண்டிருக்கக்கூடும். இவர்களில் பலர் உண்மையாகவே நம்பியிருக்கலாம் என்று வால்ட்டர் ரைக் என்னும் அமெரிக்க மனநல மருத்துவர் வாதிட்டார். கட்சியை எதிர்த்து வேலையையும் வீட்டையும் சுதந்திரத்தையும் இழக்கத் துணிகிறவரை, அப்படி ஒருநாளும் துணியாத சமூகத்தில் வளர்ந்த மருத்துவர் விசித்திரப் பிறவியாகவே பார்த்திருப்பார் என்பது அந்த வாதத்தின் சாரம். அதில் உண்மை இருப்பதாக நானும் எண்ணுகிறேன்.

ஆனால் அந்த உண்மை முழுமையானது அல்ல. பழைய வாசகன் சொன்ன கிரிகரென்கோவையே எடுத்துக்கொள்வோம். தாய்மண்ணிலிருந்து 1944இல் துரத்தப்பட்ட கிரீமியத் தாத்தார் இனத்தவருக்காகக் குரல் கொடுத்துவந்த அவர், அவர்கள் மீதான வழக்கில் உதவச் சென்றபோது 1969 மே மாதம் தாஷ்கெண்டில் கைது செய்யப்பட்டார். ஆகஸ்டில் தாஷ்கெண்ட் மருத்துவர் குழு அவரை ஆராய்ந்து, மனநோய் எதுவும் இல்லை, மருத்துவமனையில் வைத்து ஆராய வேண்டிய தேவையும் இல்லை என்று எழுதியது. அவர்களும் சோவியத் மருத்துவர்கள்தான். விசாரணை அதிகாரிகளுக்கு அந்த அறிக்கை உதவவில்லை. அவரை மாஸ்கோவுக்குக் கொண்டுசென்றார்கள். நவம்பரில் செர்ப்ஸ்கி நிறுவனத்தின் குழு, சீர்திருத்தக் கருத்துகளோடு கூடிய ஆளுமை நோய்வளர்ச்சி என்று எழுதி அவரை மீண்டும் நோயாளியாக்கியது. 1974 வரை அவர் உள்ளே இருந்தார். அதே மனிதரைச் சில மாத இடைவெளியில் பார்த்த இரு குழுக்களில் ஒன்றால் நலத்தைக் காண முடிந்தது என்றால், மற்றொன்றுக்குக் கோட்பாடுதான் கண்ணை மறைத்தது என்று என்னால் ஏற்க இயலாது.

கீவ் நகரத்தைச் சேர்ந்த இளம் மருத்துவர் செமியோன் குளுஸ்மன், கிடைத்த ஆவணங்களைக் கொண்டு 1971இல் கிரிகரென்கோ பற்றி மாற்று மருத்துவ அறிக்கை ஒன்றை எழுதினார். மறு ஆண்டே கைதாகி, ஏழு ஆண்டு முகாமும் மூன்று ஆண்டு நாடுகடத்தலும் தண்டனையாகப் பெற்றார். முகாமில் இருந்தபடியே, சக கைதியான எதிர்ப்பாளர் விளாதிமிர் புக்கோவ்ஸ்கியோடு சேர்ந்து, விசாரணைக்கு உள்ளாகும் எதிர்ப்பாளர்களுக்காக ஒரு வழிகாட்டிக் கையேட்டை எழுதி வெளியே அனுப்பினார். பொது நன்மைக்காகச் செய்தேன் என்று சொல்வதைவிடப் பெயர் வாங்குவதற்காகச் செய்தேன் என்று சொல்வது பாதுகாப்பானது என்று மருத்துவர்களே அறிவுரை கூற வேண்டிய நிலைக்கு என் துறை ஒரு நாட்டில் தாழ்ந்திருந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

செங்காந்தள்

மாஸ்கோவில் அச்சான தமிழ் நூல்களை வாசித்து வளர்ந்த குடும்பம் எங்களுடையது. இங்கே சொல்லப்பட்ட செய்திகளை நான் மறுக்கவில்லை. ஆயினும் இந்தப் பேச்சு எப்போதும் சோவியத் நாட்டோடு நின்றுவிடுவது ஏன் என்று கேட்க விரும்புகிறேன். அமெரிக்காவின் தென்மாநிலத்து மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட், அடிமைகள் எசமானரிடமிருந்து தப்பியோடுவதே ஒரு மனநோய் என்று 1851இல் எழுதினார். வாட்டர்கேட் ஊழல் காலத்தில், அமெரிக்க அதிபர் நிக்சனின் அட்டர்னி ஜெனரலாக இருந்த ஜான் மிட்செலின் மனைவி மார்த்தா பத்திரிகையாளர்களிடம் உண்மையைச் சொல்ல முயன்றபோது, அவரை விடுதி அறையில் அடைத்து, வலுக்கட்டாயமாக ஊசி போட்டு, பின்னர் குடிகாரி, மனநிலை பிறழ்ந்தவள் என்று பேசினார்கள். அவர் சொன்னவற்றில் முக்கியமானவை பின்னர் உண்மையாயின. 1964இல் ஒரு பத்திரிகை, குடியரசுக் கட்சி வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டர் மனத்தளவில் அதிபர் பதவிக்குத் தகுதியானவரா என்று 12,356 மனநல மருத்துவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பியது. அவரை ஒருமுறைகூட நேரில் ஆராயாத 1,189 பேர் தகுதியற்றவர் என்று விடையளித்தார்கள். இவையெல்லாம் வேறு வகையா?

உளமருத்துவர், மதுரை

ஒரே வேரிலிருந்து வந்தவைதாம், தோழர். கோல்ட்வாட்டர் அவதூறு வழக்குத் தொடுத்து வென்றார். நேரில் ஆராயாத பொதுமனிதர் எவரைப் பற்றியும் மருத்துவர் கருத்துச் சொல்லக் கூடாது என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் விதி வகுத்தது. அந்த விதி சரியானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கோல்ட்வாட்டருக்கு நீதிமன்றத்தின் கதவு திறந்திருந்தது, கிரிகரென்கோவுக்குத் திறக்கவில்லை என்ற ஒரு வேறுபாட்டை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மருதாணி

நான் இதைப் படித்துக்கொண்டே வரும்போது வேறோர் இடத்தில் வலித்தது. என் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய் உண்டு. உண்மையான நோய், நீண்ட கால மருந்து. அவருடைய வேலையிடத்தில் கூலிக் கணக்கில் நடந்த முறைகேட்டை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் அவர்தான். மருந்து சாப்பிடுகிறவன் பேச்சு என்று ஒதுக்கினார்கள். கணக்கைத் திறந்து பார்க்க யாரும் முன்வரவில்லை. அது சரியான புகார் என்பது பிறகு வேறொருவர் சொல்லித்தான் ஏற்கப்பட்டது.

கிரிகரென்கோ நலமாக இருந்தார், பிளூஷ்ச் நலமாக இருந்தார் என்று நிறுவுவது தேவையானதுதான். ஆனால் வாதம் அங்கேயே நின்றுவிட்டால், உண்மையிலேயே நோய் உள்ளவர் அரசைக் குறை சொன்னால் கேட்க வேண்டியதில்லை என்பதை நாமும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுகிறது. ஒருவருக்கு நோய் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, அவர் சொல்வது மெய்யா என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதல் கேள்விக்கு விடை சொல்லிவிட்டு இரண்டாவதிலிருந்து தப்பித்துக்கொள்வதைத்தான் சோவியத் அதிகாரிகள் செய்தார்கள். இன்று நம் தொலைக்காட்சி விவாதங்களில் எதிர்க்கட்சிக்காரரைப் பார்த்து, கீழ்ப்பாக்கத்துக்குப் போ என்று சொல்கிறவர்களும் அதையேதான் செய்கிறார்கள். அந்தச் சொல் எதிர்க்கட்சிக்காரரைச் சில நிமிடம் சுடும்; என் அண்ணனைப் போன்றவர்களை மருத்துவமனை வாசலை மிதிக்கவிடாமல் பல ஆண்டுகள் தடுக்கும்.

நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவை அனைவரும் ஒருமுறை வாசிக்க வேண்டும். ஒருவருடைய அரசியல், பொருளாதார, சமூக நிலையை வைத்தோ, அவர் வாழும் சமூகத்தில் நிலவும் ஒழுக்க, பண்பாட்டு, அரசியல், சமய நெறிகளுக்கு அவர் இணங்காததை வைத்தோ மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. மருத்துவர் ஐயா, இந்தப் பிரிவு உங்கள் துறையினரின் அன்றாடப் பணியில் எந்த அளவுக்கு நினைவில் இருக்கிறது?

உளமருத்துவர், மதுரை

போதுமான அளவுக்கு இல்லை, அம்மா. அரசியல் காரணத்துக்காக யாரையாவது அழைத்துவந்தால் எங்களில் பெரும்பாலோர் விழிப்போடு இருப்போம் என்றே நம்புகிறேன். சாதி மாறிக் காதலித்த மகளையோ, சொத்தில் பங்கு கேட்கும் தம்பியையோ குடும்பத்தார் அழைத்துவரும்போதுதான் இந்தப் பிரிவு உண்மையில் சோதிக்கப்படுகிறது. உங்கள் அண்ணனைப் பற்றி நீங்கள் சொன்னது நான் எழுதியதில் விடுபட்ட பகுதி. நன்றி.

வேங்கைமரம்

அனைவருக்கும் நன்றி. மருதாணி அவர்கள் பிரித்துக்காட்டிய இரண்டு கேள்விகளை நான் இதுவரை ஒன்றாகவே எண்ணியிருந்தேன். இந்த நடைமுறை எப்படி முடிவுக்கு வந்தது என்பதை மட்டும் யாராவது சுருக்கமாகச் சொல்ல இயலுமா?

பழைய வாசகன்

உள்ளிருந்தவர்களும் வெளியிலிருந்த மருத்துவர்களும் சேர்ந்து கொடுத்த நெருக்கடியால் வந்தது. புக்கோவ்ஸ்கி 1971இல் சுமார் 150 பக்க ஆவணங்களை மேற்கு நாடுகளுக்கு அனுப்பிவைத்தார். அதற்காகவே மீண்டும் சிறை சென்றார். 1977இல் ஹொனலூலுவில் கூடிய உலக மனநல மருத்துவர் சங்கம், 90க்கு 88 என்ற மயிரிழை வாக்கு வேறுபாட்டில் சோவியத் நடைமுறையைக் கண்டித்தது. அதே ஆண்டு மாஸ்கோவில் அலெக்சாண்டர் பத்ரபினேக் உள்ளிட்டோர் ஒரு விசாரணைக் குழுவைத் தொடங்கினார்கள். அந்தக் குழுவுக்காக எதிர்ப்பாளர்களை ஆராய்ந்து நலச் சான்று எழுதிய ஹார்கிவ் மருத்துவர் அனத்தோலி கோர்யாகின், 1981இல் ஏழு ஆண்டு முகாம் தண்டனை பெற்றார். 1983இல் வெளியேற்றப்படும் நிலை வந்தபோது சோவியத் சங்கம் தானே உலகச் சங்கத்திலிருந்து விலகிக்கொண்டது.

கோர்பச்சேவ் காலத்தில், 1988இல், சிறப்பு மருத்துவமனைகள் உள்துறையிடமிருந்து சுகாதார அமைச்சகத்திற்கு மாற்றப்பட்டன. 1989இல் அமெரிக்க மருத்துவர் குழு நேரில் சென்று பார்த்தபோது, ஆராயப்பட்டவர்களில் பலரிடம் நோயின் அறிகுறி இல்லை. சிலரிடம் உண்மையான நோய் இருந்தது. மருதாணி அவர்கள் சொன்னதை இங்கே சேர்த்துப் படிக்கலாம். அதே ஆண்டு அக்டோபரில் ஏதென்ஸ் மாநாட்டில், மருத்துவத்துக்குப் புறம்பான காரணங்களுக்காக மனநல மருத்துவம் பயன்படுத்தப்பட்டதை ஒப்புக்கொண்ட பிறகே சோவியத் சங்கத்தை மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள்.

முற்றிலும் முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2012 மே மாதம் மாஸ்கோவின் பலோத்னயா சதுக்கத்தில் நடந்த புதின் எதிர்ப்புப் போராட்டத்தில் கலந்துகொண்ட மிகைல் கொசென்கோவுக்கு 2013 அக்டோபரில் நீதிமன்றம் விதித்தது கட்டாய மனநல சிகிச்சை. அவருக்கு முன்பே லேசான மனநலக் குறைபாடு இருந்தது. வீட்டிலிருந்தபடியே மருந்து உட்கொண்டு வந்தார். அவரை ஆபத்தானவர் என்று சொன்ன ஆய்வறிக்கை செர்ப்ஸ்கி நிறுவனத்திலிருந்து வந்தது.