ரிப்போர்ட்டில் 'அடர்ந்த மார்பகத் திசு' என்ற வரி: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

மதுரைவாசி:
அக்காவின் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) ரிப்போர்ட்டில் கட்டி ஏதும் இல்லை என்றுதான் எழுதியிருந்தார்கள். அதே தாளில் இருந்த 'அடர்த்தி: டி வகை' (ஏ முதல் டி வரையிலான நான்கு வகைகளில் மிக அடர்ந்தது) என்ற வரியைப் பற்றி அங்கே எவரும் வாய் திறக்கவில்லை. பிறகு வேறொரு மருத்துவர் அந்தப் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, பேனா மூடியால் வட்டமிட்டுக் காட்டி, "கொழுப்பு கறுப்பாகத் தெரியும், சுரப்பித் திசு வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளைதான். இந்த வெள்ளைக்குள் நான் எதைத் தேடுவேன் அம்மா?" என்றார். அக்கா என் கையை இறுகப் பற்றிக்கொண்டார். அன்றே எடுத்த அல்ட்ராசவுண்டில் சிறு கட்டி தெரிந்தது; பயாப்சியில் (திசுத் துணுக்கை எடுத்துச் செய்யும் சோதனையில்) புற்றுநோய் என்று உறுதியாயிற்று. தொடக்க நிலை என்பதால் அறுவை சிகிச்சையோடு தேறிவிட்டார். ஆனாலும் அந்த வரியை விளக்க முதலில் படமெடுத்த இடத்தில் ஒருவருக்கும் ஏன் தோன்றவில்லை என்ற கேள்வி என்னை விட்டபாடில்லை.

நியூஜெர்சி வாசகி:
இங்கே 2024 செப்டம்பர் 10 முதல், திசு அடர்த்தியானதா இல்லையா என்பதை ஒவ்வொரு மேமோகிராம் மையமும் எழுத்தில் தெரிவித்தாக வேண்டும் என்பது எஃப்.டி.ஏ. (அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம்) விதி. எனக்கும் அந்தக் கடிதம் வந்தது. கூடுதல் ஸ்கேன், அதன்பின் பயாப்சி. ஊசிக் கருவி 'டக்' என்று ஒலித்த கணத்தில் என் பிள்ளைகளின் முகம்தான் நினைவுக்கு வந்தது. முடிவில் அது புற்றுநோயல்லாத வெறும் நார்க்கட்டி. தோழி, உங்கள் அக்கா நலமடைந்ததில் மகிழ்ச்சி. ஆனால் நாற்பதைக் கடந்த பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அடர்ந்த திசுதான், அது நோயன்று. அத்தனை பேரையும் கூடுதல் ஸ்கேனுக்கு அனுப்பினால் என்னைப் போல வீணாகக் கலங்குவோர் எத்தனை பேர்?

கோவை ஆசிரியை:
நியூஜெர்சி சகோதரியின் கலக்கம் புரிகிறது. ஆனால் அவர் சொன்ன பாதிப் பேரில் அடங்கும் அடர்ந்த சி வகையையும் மிக அடர்ந்த டி வகையையும் ஒன்றாக வைத்துப் பேசுவது சரியன்று. நெதர்லாந்தில் மிக அடர்ந்த திசு உள்ள, 50 முதல் 75 வயது வரையிலான பெண்களிடம் நடந்த 'டென்ஸ்' ஆய்வின் முடிவு 2019இல் வெளிவந்தது. இரண்டு பரிசோதனைகளுக்கு இடைப்பட்ட காலத்தில் தலைகாட்டும் புற்றுநோய், மேமோகிராம் மட்டும் எடுத்தவர்களில் ஆயிரத்துக்கு 5.0 ஆகவும், எம்.ஆர்.ஐ.க்கும் அழைக்கப்பட்டவர்களில் 2.5 ஆகவும் இருந்தது.

என் அனுபவம் சிறியது. படிவம் நிரப்பிய செவிலியர் "அப்பா வழியில் யாருக்காவது உண்டா?" என்று கேட்டார், அதற்கு முன் அம்மாவையும் அக்கா தங்கையையும் பற்றி மட்டுமே கேட்டிருந்தார்கள். என் அத்தை இந்த நோயால்தான் இறந்தார். மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கணிக்க 1989இல் வந்த கெய்ல் முறையில் தாய், உடன்பிறந்தாள், மகள் மட்டுமே கணக்கில் வருவார்கள். அத்தைக்கும் இடமில்லை, அடர்த்திக்கும் இடமில்லை. அதே கணிப்புக்கான டைரர்-கியூசிக் என்ற மற்றொரு முறையின் எட்டாம் பதிப்பு இரண்டையும் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே எந்த முறையில் கணித்தார்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள். பூப்பெய்திய வயது, முதல் பிரசவ வயது, முந்தைய பயாப்சி ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். ஸ்கேன் எடுத்தாயிற்று என்று மேமோகிராமை விட்டுவிடாதீர்கள். நுண்ணிய சுண்ணாம்புப் படிவுகளை அதுதான் தெளிவாகக் காட்டும். தொட்டுப் பார்த்து அடர்த்தியை அறிய முடியாது. மாதவிடாய் நின்றபின் அது குறையலாம், ஹார்மோன் மாத்திரையால் கூடவும் செய்யலாம் என்பதால், பழைய படங்களையும் தவறாமல் எடுத்துச் சென்று ஒப்பிடச் சொல்லுங்கள்.